அடகுக்கடைக்காரர் வேண்டாம் என்ற அவெஞ்சர்ஸ்

2012-இல் வெளிவந்த ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் ஓர் இடம் வரும். நியூயார்க் நடுத்தெருவில் ஆறு பேர் முதுகோடு முதுகு சேர்த்து வட்டமாக நிற்பார்கள். கேமரா அவர்களைப் பயபக்தியோடு ஒரு பிரதட்சணம் வரும். வானத்தில் ஓட்டை, ஓட்டை வழியாக வேற்றுலகப் படை கொட்டிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க நிற்கிறவர்கள் யார் யார் என்று ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். இரும்புச் சட்டை போட்ட கோடீஸ்வரர். சுத்தியல் பிடித்த இடிக் கடவுள். எழுபது வருஷம் பனிக்கட்டிக்குள் கிடந்த சிப்பாய். கோபம் வந்தால் பச்சையாகிற விஞ்ஞானி. கைத்துப்பாக்கியோடு ஒரு பெண் உளவாளி. கடைசியாக, வில்லும் அம்பும் வைத்திருக்கும் ஓர் ஆசாமி.

ஆமாம், அம்பு. அண்டம் தாண்டி வந்த படைக்கு எதிராக அம்பு. அர்ஜுனனுக்காவது மந்திர அஸ்திரங்கள் இருந்தன, தேர் ஓட்டப் பரமாத்மாவே வந்தார். இவருக்கு அம்பறாத்தூணி பாதிச் சண்டையில் காலியாகிவிடும்.

இந்த ஆறு பேரைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யார்? மார்வெல் ரசிகரைக் கேட்டால் கண் பனிக்க, எல்லாம் தீர்க்கதரிசனம், பத்தாண்டுத் திட்டம் என்பார். நடந்ததைத் தோண்டிப் பார்த்தால் கிடைப்பது ஒரு பொம்மைக் கம்பெனி, ஒரு வங்கி, பெயர் தெரியாத சில அமெரிக்கப் பொடிசுகள், எண்ணிக்கையில் அடங்காத வக்கீல்கள். நல்ல நகையெல்லாம் அடகுக்குப் போன பிறகு, பெட்டியின் அடியில் கிடந்ததை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன குடும்பத்தின் கதை இது. கல்யாண வீட்டில் எல்லார் கண்ணும் அந்த நகை மேல்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

காமிக்ஸிலேயே இவர்கள் இரண்டாம் பந்திக்காரர்கள்தான். 1960 வாக்கில் போட்டிக் கம்பெனியான டிசி, தன் நாயகர்களையெல்லாம் ஒரே மேஜையில் உட்காரவைத்து ஜஸ்டிஸ் லீக் என்று பெயர் சூட்டி, அமோகமாக விற்றுக்கொண்டிருந்தது. மார்வெல் முதலாளி மார்ட்டின் குட்மேன் ஒரு கோல்ஃப் ஆட்டத்தின்போது டிசிக்காரர் வாயாலேயே அந்த விற்பனைப் பெருமையைக் கேட்டு வந்தார் என்று ஒரு கதை உண்டு. கோல்ஃப் நடந்ததா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை. குட்மேனுக்கு வயிறு எரிந்ததில் சண்டை இல்லை. எரிச்சலின் முதல் விளைவு 1961-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர். இரண்டு வருஷம் கழித்து ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைய, அவெஞ்சர்ஸ் முதல் இதழ்.

அந்த முதல் இதழின் கதையைக் கேளுங்கள். லோகி, அண்ணன் தோரை வம்புக்கு இழுப்பதற்காக, ஹல்க் மீது ஒரு பழியைப் போடுகிறான். ஹல்க்கின் சிநேகிதப் பையன் ரிக் ஜோன்ஸ் பதறிப்போய் ரேடியோவில் உதவி கேட்கிறான். யாரிடம்? ஃபென்டாஸ்டிக் ஃபோரிடம். லோகி அலைவரிசையைக் கோணலாக்கிவிட, செய்தி தோருக்குப் போகிறது. கூடவே அயர்ன் மேனுக்கும், ஆன்ட்-மேனுக்கும், அவர் துணைவி வாஸ்புக்கும் கேட்டுத் தொலைக்கிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கும் ஒருவழியாக விஷயம் எட்டுகிறது. அவர்கள் பதில்: எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆக, உலகத்தின் மாபெரும் வீரர் குழு பிறந்தது ஒரு ராங் காலில். அந்த நேரத்தில் ஹல்க் எங்கே இருந்தார் என்கிறீர்களா? முகத்தில் கோமாளிச் சாயம் பூசிக்கொண்டு, ரோபோ என்று பொய் சொல்லி, சர்க்கஸில் வித்தை காட்டிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் குழுவுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று ஆண்கள் விழிக்க, ‘அவெஞ்சர்ஸ்’ என்று எடுத்துக்கொடுத்தது வாஸ்ப். இதை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சேர்ந்தவர்கள் சேர்ந்தே இருந்தார்களா? ஹல்க் இரண்டாவது இதழிலேயே கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான்காவது இதழில் கடலில் மிதந்த பனிக்கட்டியிலிருந்து கேப்டன் அமெரிக்காவைப் பெயர்த்தெடுத்தார்கள். 1965-இல், 16-ஆவது இதழில், ஆரம்பித்த பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் ராஜினாமா. மிச்சம் கேப்டன் மட்டும். அவருக்குத் துணையாக மூன்று மாஜி வில்லன்கள்: ஹாக்-ஐ, குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச். இதில் ஹாக்-ஐ ஒரு சர்க்கஸ் வில்லாளி. பிளாக் விடோ என்ற சோவியத் உளவுக்காரியின் மேல் மையல் கொண்டு, அயர்ன் மேனோடு மோதி உதை வாங்கியவர். அந்த உளவுக்காரியும் பின்னாளில் இதே குழுவில் சேர்ந்தாள்.

இப்படிப்பட்ட ஆட்களைத் திரைக்குக் கொண்டுவர யாருக்குத் துணிச்சல் வரும்? சிலருக்கு வந்தது. பெரும் பலி கேப்டன் அமெரிக்கா. 1944-இல் ரிபப்ளிக் ஸ்டுடியோ அவரை வைத்து ஒரு தொடர் சினிமா எடுத்தது. அதில் அவர் சிப்பாய் இல்லை, அரசு வக்கீல். பெயரும் வேறு. கேடயம் கிடையாது, கையில் துப்பாக்கி. கேப்டன் அமெரிக்காவிடமிருந்து கேப்டனையும் அமெரிக்காவையும் கழித்துவிட்டு மிச்சத்தைப் படமாக்கிய முயற்சி என்று சொல்லலாம். 1979-இல் தொலைக்காட்சிக்காரர்கள் கொஞ்சம் கருணை காட்டினார்கள்: கேடயம் கொடுத்தார்கள். ஆனால் கண்ணாடி மாதிரி தெரியும் கேடயம். வேலையில்லாத நேரத்தில் அது அவருடைய மோட்டார் பைக்கின் முன்னால் காற்றுத்தடுப்பாக மாட்டியிருக்கும். தலையில் ஹெல்மெட். போக்குவரத்துப் போலீஸ் பாராட்டியிருப்பார்கள்.

1990-இல் வந்த படத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம். நாயகன் மேட் சாலிஞ்சர், யாருக்கும் முகம் காட்டாமல் ஒதுங்கி வாழ்ந்த எழுத்தாளர் ஜே.டி. சாலிஞ்சரின் மகன். முகமூடிக்கு வெளியே காது தெரிய வேண்டும் என்பதற்காக ரப்பர் காது ஒட்டினார்கள். உள்ளே நிஜக் காது சும்மா இருக்க, வெளியே போலிக் காது. இந்தப் படத்தில் கேப்டனின் முக்கியமான போர்த் தந்திரம் என்ன தெரியுமா? காரில் போகும்போது வாந்தி வருகிறது என்று நடிப்பது. ஓட்டுகிறவர் இரக்கப்பட்டு இறங்கியதும் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, இரண்டு பேரிடம். அமெரிக்காவில் இந்தப் படம் தியேட்டர் வாசலை மிதிக்காமல் நேராக வீடியோ கேசட்டுக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை.

தோர் 1988-இல் ஹல்க் தொலைக்காட்சிப் படத்தில் தலைகாட்டினார். உளவுத் தலைவர் நிக் ஃப்யூரியாக 1998-இல் டேவிட் ஹாசல்ஹாஃப் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். இவற்றைப் பற்றி மேலே பேசாமல் விடுவதுதான் நாகரிகம்.

இதற்கிடையே கம்பெனியே கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டிருந்தது. 1989-இல் ரொனால்ட் பெரல்மன் என்ற பணக்காரர் மார்வெலை 8.25 கோடி டாலருக்கு வாங்கினார். காமிக்ஸ் படிப்பதற்கு அல்ல, பத்திரப்படுத்தி விற்பதற்கு என்ற பைத்தியம் அமெரிக்காவைப் பிடித்திருந்த காலம். 1991-இல் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழை ஐந்து விதமான அட்டையோடு போட்டார்கள். எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று. வாங்கியவர்கள் ஐந்தையும் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பரணில் வைத்தார்கள். பொக்கிஷம் ஊரில் எல்லார் வீட்டுப் பரணிலும் இருந்தால் அதற்குப் பெயர் பொக்கிஷம் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. சந்தை படுத்தது. பெரல்மன் கடன் வாங்கி விளையாட்டு வீரர் படச் சீட்டுக் கம்பெனி, ஸ்டிக்கர் கம்பெனி என்று வாங்கிக் குவித்திருந்தார். 1994-இல் பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, சீட்டும் படுத்தது. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு போட்டது.

அதற்கப்புறம் நீதிமன்றத்தில் நடந்த சண்டை எந்த காமிக்ஸிலும் வராதது. ஒரு பக்கம் பெரல்மன். எதிர்ப்பக்கம் கார்ல் ஐகான், இன்னொரு மகா பணக்காரர். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, இங்கே கூத்தாடி ஒரு பொம்மைக் கம்பெனி. பெயர் டாய் பிஸ். ஐக் பெர்ல்மட்டர், அவி ஆராட் என்ற இருவர் அதன் தூண்கள். மார்வெல் நாயகர்களைப் பொம்மையாக்க ராயல்டி கொடுக்காமல் காலாகாலத்துக்கும் உரிமை எழுதி வாங்கியிருந்தவர்கள். மார்வெல் மூழ்கினால் பொம்மை மூழ்கும். ஆகவே இரண்டு யானைகளும் மோதிக் களைத்த நேரத்தில் உள்ளே புகுந்து, 1998-இல் மார்வெலையே தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். சூப்பர் ஹீரோக்களின் தலையெழுத்து இனிமேல் பொம்மை விற்பவர்கள் கையில். இந்தக் கதையில் பின்னால் நடக்கிற எல்லாவற்றுக்கும் இதுவே சாவி.

பொம்மைக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தபோது நல்ல நகை பாதி ஏற்கெனவே வெளியே போயிருந்தது. எக்ஸ்-மென் ஃபாக்ஸ் ஸ்டுடியோவிடம். ஹல்க் யுனிவர்சலிடம். ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஒரு ஜெர்மன் தயாரிப்பாளரிடம். இந்த ஜெர்மானியர் செய்த வேலை தனி ரகம். குறிப்பிட்ட கெடுவுக்குள் படம் எடுக்க ஆரம்பிக்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போய்விடும். பெரிய படம் எடுக்கப் பணம் இல்லை. என்ன செய்தார்? மலிவுப் படங்களின் சக்கரவர்த்தியான ராஜர் கார்மனைப் பிடித்து, சுமார் பத்து லட்சம் டாலரில் ஒரு படத்தை எடுத்து முடித்தார். குழுத் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸின் நீளும் கை என்பது குச்சியில் மாட்டிய கையுறை. நடிகர்கள் பாவம், நிஜமாகவே படம் வரப்போகிறது என்று நம்பி, சொந்தக் காசில் ஊர் ஊராக விளம்பரம் செய்தார்கள். படம் வரவே இல்லை. அதை விலைகொடுத்து வாங்கி அழித்துவிட்டதாக அவி ஆராட் பின்னாளில் சொன்னார். ஆனால் திருட்டுக் கேசட்டுக்குச் சாவு ஏது? இன்றைக்கும் இணையத்தில் அந்தக் கையுறை டாட்டா காட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்பைடர்மேன் கதை இன்னும் சிக்கல். 1985-இல் கேனன் நிறுவனம் 2,25,000 டாலருக்கு உரிமை வாங்கியது. அது கைமாறி, கைமாறி, ஜேம்ஸ் கேமரூன் மேஜை வரைக்கும் போய், பல கம்பெனிகள் திவாலாகி, யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றத்துக்கே தலைசுற்றியது. கடைசியில் சோனி பேச்சுவார்த்தைக்கு வந்தது. இங்கேதான் ஹாலிவுட் வரலாற்றின் மிகச் சுவையான ‘வேண்டாம்’ வருகிறது. 1998-இல் மார்வெல், கையில் மிச்சமிருந்த கிட்டத்தட்ட அத்தனை பாத்திரங்களையும் மொத்தமாக 2.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னது. அயர்ன் மேன், தோர், ஆன்ட்-மேன், பிளாக் பேந்தர், எல்லாம் சேர்த்து. சோனி யோசித்தது. ஸ்பைடர்மேனைத் தவிர மற்றவர்களை ஒரு பயலுக்கும் தெரியாது என்று முடிவு கட்டியது. ஸ்பைடர்மேன் மட்டும் போதும், ஒரு கோடி டாலரும் வசூலில் ஒரு பங்கும் தருகிறோம் என்றது. நியாயமாகச் சொன்னால் சோனி சொன்னது அன்றைக்குப் பொய்யும் இல்லை. கார் வாந்தி தந்திரத்தைப் பார்த்தவர் எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

2002-இல் ஸ்பைடர்மேன் வந்து உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. லாபத்தின் பெரும்பங்கு சோனிக்கு. மார்வெலுக்கு மனசு எப்படி இருந்திருக்கும்? சொந்த வளையலை அடகுக்கடைக்காரர் மனைவி போட்டுக்கொண்டு எதிரே வந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

அப்போது டேவிட் மைசல் என்பவர் உள்ளே வந்தார். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: நாமே படம் எடுத்தால் என்ன? சிக்கனத்துக்குப் பேர்போன பெர்ல்மட்டரிடம் போய் கம்பெனிப் பணத்தில் படம் எடுக்கலாம் என்றால் நடக்குமா? மைசல் பிறத்தியார் பணத்துக்கு வழி கண்டார். 2005-இல் மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் ஏற்பாட்டில் 52.5 கோடி டாலர் கடன். ஏழு வருஷத் தவணை. அடமானம்? நாயகர்கள். படங்கள் ஊற்றிக்கொண்டால் அவர்களுடைய சினிமா உரிமை கடன் கொடுத்தவர்களுக்கு. படம் சின்னப் பிள்ளைகள் பார்க்க முடியாத அளவுக்கு ரத்தக்களறியாக இருக்கக் கூடாது என்பது வரைக்கும் நிபந்தனை. மார்வெலின் ஆரம்பகாலப் படங்களில் ஏன் கெட்டவார்த்தை அதிகம் வரவில்லை என்று யோசிப்பவர்கள் பத்திரத்தைப் படிக்கலாம்.

அடமானப் பட்டியலில் பத்து பெயர்கள். கேப்டன் அமெரிக்கா, அவெஞ்சர்ஸ் என்ற குழு, நிக் ஃப்யூரி, பிளாக் பேந்தர், ஆன்ட்-மேன், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஹாக்-ஐ, ஷாங்-சி, குளோக் அண்ட் டாகர், பவர் பேக். கடைசிப் பெயரைக் கவனியுங்கள். பவர் பேக் என்பது நான்கு குழந்தைகள். கடைக்குட்டி கேட்டிக்கு வயது ஐந்து. குதிரை முகத்து வேற்றுலகவாசி ஒருவர் சாகும் தறுவாயில் கொடுத்துவிட்டுப் போனது அவர்களுடைய சக்தி. வீட்டுக் கடனுக்குப் போனால் தாய்ப்பத்திரம் கொண்டுவா, வில்லங்கச் சான்று கொண்டுவா என்று மூன்று மாதம் அலைய விடுகிறார்கள் நம்மை. அங்கே ஒரு வங்கிக்காரர் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, குதிரை முகத்தார் கொடுத்த வரத்தை ஈடாக ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பட்டியலில் அயர்ன் மேன் இல்லையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இல்லைதான். அவர் யுனிவர்சல், ஃபாக்ஸ், நியூ லைன் என்று மூன்று ஸ்டுடியோக்களில் பதினைந்து வருஷம் தூசி தட்டப்படாமல் கிடந்து, 2005 கடைசியில்தான் வீடு திரும்பினார். ஹல்க்கும் அடுத்த வருஷம் வந்தார். படத்தை வெளியிடும் உரிமை மட்டும் யுனிவர்சலிடமே தங்கிவிட்டது. அதனால்தான் 2008-க்குப் பிறகு அவருக்குத் தனிப்படமே இல்லை. பாவம், மற்றவர் படங்களில் வந்து உடைத்துவிட்டுப் போவதோடு சரி.

சரி, முதல் படம் யாரை வைத்து? இலக்கிய விமர்சகர்களைக் கேட்கவில்லை. காமிக்ஸ் வரலாற்றாசிரியர்களைக் கேட்கவில்லை. பொம்மை வியாபாரிகள் வேறு யாரைக் கேட்பார்கள்? குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்து, நாயகர்களின் படத்தைக் காட்டி, இவர் இன்னின்னது செய்வார் என்று விளக்கி, இதில் யாருடைய பொம்மை உங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். பறக்கிற, கையிலிருந்து ஒளியடிக்கிற இரும்பு மனிதன் ஜெயித்தார், பெரும் வித்தியாசத்தில். ஐம்பது வருஷ காமிக்ஸ் மேதைமை, வால் ஸ்ட்ரீட் மூளை எல்லாம் சேர்ந்து திணறிய கேள்விக்கு மூக்கொழுகும் பொடிசுகள் ஒரு மத்தியானத்தில் பதில் சொல்லிவிட்டன. அவர்களில் ஒருவருக்காவது ராயல்டி போயிருக்குமா என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்தது அந்த இரும்புக்குள் யார். இயக்குநர் ஜான் ஃபாவ்ரோ கேட்டது ராபர்ட் டவுனி ஜூனியரை. போதைப் பழக்கத்தால் சிறைவரைக்கும் போய்வந்தவர். நிர்வாகம் கையை விரித்தது. ஃபாவ்ரோ விடவில்லை. டவுனி, வயது நாற்பதைத் தாண்டிய நட்சத்திரம், புதுமுகம் மாதிரி ஒத்திகைத் தேர்வுக்கு வந்து நடித்துக் காட்டினார். வேலை கிடைத்தது. நண்பர் வேஷத்தில் நடித்த டெரன்ஸ் ஹோவர்டுக்கு டவுனியைவிட அதிகச் சம்பளம் என்பது கொசுறு. அடுத்த படத்தில் ஹோவர்டு இல்லை, டான் சீடில் வந்தார். சம்பளம் எப்படி மாறியது என்று சொல்ல வேண்டியதில்லை. பெவர்லி ஹில்ஸில் ஒரு பென்ஸ் கார் ஷோரூமுக்கு மேல்மாடியில் ஆபீஸ் வைத்துக்கொண்டு, பாதி வசனம் எழுதாமலே படப்பிடிப்புக்குப் போய், நடிகர்களை வேனில் உட்காரவைத்து அன்றன்றைக்குக் காட்சியைப் பேசி முடித்து எடுத்த படம் அது. 14 கோடி டாலர் போட்டு 58 கோடிக்கு மேல் எடுத்தது.

படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடித் தீர்ந்த பிறகு, இருட்டிலிருந்து நிக் ஃப்யூரியாக சாமுவேல் ஜாக்சன் வந்து அவெஞ்சர்ஸ் பற்றிப் பேசுவார். இந்தத் தேர்வு நடந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. காமிக்ஸில் ஃப்யூரி ஒரு வெள்ளைக்காரச் சுருட்டுப் பேர்வழி. 2002-இல் மார்க் மில்லரும் பிரையன் ஹிட்சும் ‘அல்டிமேட்ஸ்’ என்று அவெஞ்சர்ஸைப் புதிதாக எழுதி வரைந்தபோது ஃப்யூரிக்கு ஜாக்சனின் முகத்தைப் போட்டுவிட்டார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போதாக்குறைக்குக் கதைக்குள்ளேயே, நம்மைப் படமெடுத்தால் யார் யார் நடிப்பார்கள் என்று பாத்திரங்கள் அரட்டையடிக்க, எனக்கு சாமுவேல் ஜாக்சன்தான் என்று ஃப்யூரியே சொல்லுவார். ஜாக்சன் காமிக்ஸ் கடைக்குப் போகிற ஆள். தன் முகத்தைப் பார்த்தார். வழக்குப் போடவில்லை; படம் எடுத்தால் நான்தான் என்ற பேச்சில் முடிந்தது. பின்னால் ஒன்பது படத்துக்கு ஒப்பந்தம். வேறு நடிகர்கள் எல்லாம் தேர்வுக்கு நடையாய் நடந்தார்கள். இவரை ஒரு ஓவியர் உத்தரவில்லாமலே எடுத்துக்கொண்டார்.

நடையாய் நடந்தவர்களில் டாம் ஹிடில்ஸ்டன் உண்டு. தோர் வேஷத்துக்காக உடம்பை ஏற்றிக்கொண்டு வந்தார். லோகி ஆக்கி அனுப்பினார்கள். தோர் வேஷத்துக்கு கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தும் அவர் தம்பி லியமும் போட்டி போட்டார்கள். அண்ணன் தம்பிச் சண்டைக் கதைக்கு அண்ணன் தம்பிச் சண்டையிலேயே ஆள் எடுத்திருக்கிறார்கள். பிளாக் விடோவுக்கு முதலில் நினைத்தது எமிலி பிளன்ட். ‘கல்லிவர்ஸ் டிராவல்ஸ்’ படத்தில் நடிக்க அவருக்கு ஏற்கெனவே ஒப்பந்தக் கட்டாயம். கட்டாயப்படுத்தியது அதே ஃபாக்ஸ். ஸ்கார்லெட் ஜோஹான்சன் உள்ளே வந்தார்.

கேப்டன் அமெரிக்காவுக்கு வந்த கிறிஸ் எவன்ஸ் அதற்கு முன்பே ஃபாக்ஸின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் படங்களில் உடம்பெல்லாம் தீப்பிடித்துப் பறந்துகொண்டிருந்தவர். அடகுக்கடையில் வேலை பார்த்த பையனையே மாப்பிள்ளையாக்கப் பார்த்தார்கள். பையனோ பல தடவை மாட்டேன் என்றார். ஒன்பது படம் என்பதை ஆறாகக் குறைத்து, சமாதானம் சொல்லி, மனசைத் தேற்றிக் கூட்டிவந்தார்கள். ஹல்க் சமாசாரம் தலைகீழ். 2008-இல் நடித்த எட்வர்ட் நார்ட்டன் திரைக்கதையிலும் கைவைத்து, வெட்டுவது ஒட்டுவதில் மார்வெலோடு மல்லுக்கட்டினார். 2010-இல், கூடி வேலை செய்யும் மனப்பான்மை உள்ள நடிகர் தேவை என்ற பொருளில் ஓர் அறிக்கை விட்டு மார்க் ரஃபலோவைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது இதழிலேயே குழுவை உதறிவிட்டுப் போன பாத்திரத்துக்குக் கூடி வேலை செய்பவர் வேண்டுமாம்! நார்ட்டன்தான் ஹல்க்கை உள்ளபடி நடித்தார் என்பது என் கட்சி.

ஹாக்-ஐயாக வந்த ஜெரமி ரென்னருக்கு 2011-இல் ‘தோர்’ படத்தில் அறிமுகம். கொட்டும் மழையில் கிரேன் தொட்டியில் நின்று நாணை இழுத்துக் குறிபார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார். விடவே மாட்டார். அறிமுகக் காட்சியில் எதையுமே செய்யாமல் சம்பளம் வாங்கிய வேறு நாயகரை நான் அறியேன்.

இப்போது முடிந்துவைத்ததை அவிழுங்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஆன்ட்-மேனும் வாஸ்பும் 2012 படத்தில் இல்லை. ஆன்ட்-மேன் படத்தை இயக்குநர் எட்கர் ரைட் பல வருஷமாக உருக்கி வார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் 2014-இல் அவரே விலகிவிட்டார், படம் 2015-இல் வேறொருவர் இயக்கத்தில் வந்தது. வாஸ்புக்கு மட்டும் நடுவில் ஒரு வாய்ப்பு வந்தது: ஜோஹான்சன் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் இயக்குநர் ஜாஸ் வீடன் ஒரு வரைவில் வாஸ்பை எழுதினார். ஜோஹான்சன் வந்துவிட்டார், வாஸ்ப் போய்விட்டாள். குழுவுக்குப் பெயர் வைத்த பெண்ணுக்கே அந்தப் பெயர் போட்ட படத்தில் இடமில்லை, ஏனென்றால் ஒரு பெண் ஏற்கெனவே இருக்கிறாள், போதும்.

பொம்மைக்காரர்களின் கணக்கு இங்கேதான் பல்லை இளிக்கிறது. பெண் பொம்மை விற்காது என்பது அவர்களுக்கு வேதவாக்கு. ‘அயர்ன் மேன் 3’ படத்தில் முதலில் வில்லியாக இருந்தவரை இந்தக் காரணத்துக்காகவே வில்லனாக மாற்றச் சொன்னார்கள் என்று அதன் இயக்குநர் ஷேன் பிளாக் சொல்லியிருக்கிறார். 2015-இல் ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் விமானத்திலிருந்து மோட்டார் பைக்கில் குதிப்பது பிளாக் விடோ; கடைக்கு வந்த பொம்மையில் அதே பைக்கில் உட்கார்ந்திருந்தது கேப்டன் அமெரிக்கா. அவர் பழைய ஹெல்மெட் காலத்து ஞாபகத்தில் ஏறிவிட்டார் போலும். பிளாக் விடோ தன் பெயரில் ஒரு படம் பார்க்க 2021 ஆகிவிட்டது. அதற்குள் அவள் கதைப்படி செத்தே போயிருந்தாள்.

ஆறு பேரோடு 2012 படம் 150 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பிரிட்டனில் பெயரை மாற்றி ‘அவெஞ்சர்ஸ் அசெம்பிள்’ என்று போட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அவெஞ்சர்ஸ் என்றால் தொப்பியும் குடையுமாக வரும் அறுபதுகளின் தொலைக்காட்சித் துப்பறிவாளர்தான். கடைசியில் எல்லாரும் மௌனமாக ஷவர்மா தின்னும் துண்டுக்காட்சி, லாஸ் ஏஞ்சலஸில் முதல் காட்சி நடந்த பிறகு எடுத்தது. கிறிஸ் எவன்ஸ் வேறொரு படத்துக்காகத் தாடி வளர்த்திருந்தார். மேலே போலித் தாடையை ஒட்டி, கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு வாய்கூடத் தின்னாமல். 1990-இல் போலிக் காது, 2012-இல் போலித் தாடை. கேப்டனுக்கு முகராசி அப்படி.

இரவல் சிக்கல்கள் அத்தோடு ஓயவில்லை. குவிக்சில்வரும் ஸ்கார்லெட் விட்சும் எக்ஸ்-மென் கதையிலும் உண்டு, அவெஞ்சர்ஸிலும் உண்டு. வக்கீல்கள் உட்கார்ந்து, இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மார்வெல் அவர்களை எக்ஸ்-மென் சொல்லான ‘மியூட்டன்ட்’ என்று சொல்லக் கூடாது, ஃபாக்ஸ் அவெஞ்சர்ஸ் பேச்சை எடுக்கக் கூடாது என்று தீர்த்தார்கள். 2014-இல் ஃபாக்ஸ் படத்தில் ஒரு குவிக்சில்வர், 2015-இல் மார்வெல் படத்தில் இன்னொரு குவிக்சில்வர். உலகத்திலேயே வேகமான மனிதன் இரண்டு ஸ்டுடியோவிலும் ஒரே சமயத்தில் வேலை பார்த்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு வந்தபோதும் ஆள் மாற்றம் விடவில்லை. 2019-இல் ‘எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி, பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா, வசனம் ஏ.ஆர். முருகதாஸ். இத்தனை வருஷம் கேட்டுப் பழகிய குரல் சாகப்போகிற நேரத்தில் மாறினால் எப்படி என்று ரசிகர்கள் கொதித்தார்கள். நல்ல நடிகர்தான், ஆனால் அயர்ன் மேனுக்கு மூக்கடைப்பு என்று நினைத்துக்கொண்டுதான் நான் பார்த்தேன்.

2009-இலேயே டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியிருந்தது. 2015-இல் சோனி இறங்கிவந்து, ஸ்பைடர்மேனை அவெஞ்சர்ஸ் பக்கம் அனுப்ப ஒப்புக்கொண்டது. தனிப்படங்களை மார்வெல் எடுத்துக் கொடுக்கும், கல்லாவில் சோனி உட்காரும். 2019-இல் ஃபாக்ஸையே டிஸ்னி விழுங்கியதும் எக்ஸ்-மென் வீடு வந்தார்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோரும் வந்து, 2025-இல் மார்வெல் ஸ்டுடியோ படமாகத் திரையேறினார்கள். எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்று 1963-இல் சொன்னவர்களுக்கு அந்த வேலை முடிய அறுபத்திரண்டு வருஷம் பிடித்திருக்கிறது.

அடமானப் பத்திரத்தில் பெயர் இருந்தவர்களில் ஆன்ட்-மேன், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், பிளாக் பேந்தர், ஷாங்-சி எல்லாருக்கும் படம் வந்துவிட்டது. ஹாக்-ஐக்கும் ஃப்யூரிக்கும், குளோக் அண்ட் டாகர் ஜோடிக்கும்கூடத் தொடராவது கிடைத்தது. பவர் பேக் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் இரண்டும் வரவில்லை. கேட்டி 1984-இல் காமிக்ஸில் தோன்றியபோது ஐந்து வயது. அந்தக் கணக்கில் இன்றைக்கு நாற்பத்தைந்தைத் தாண்டியிருப்பாள். இனிமேல் யாரையும் நம்பாமல் அவளே ஒரு வங்கிக்குப் போய்க் கடன் கேட்டுப் பார்க்கலாம். ஈடு என்ன என்று கேட்டால் குதிரை முகத்தாரைச் சொல்லட்டும், ஒரு தடவை ஏற்றுக்கொண்டவர்கள்தானே.